எங்களுக்கு ஒரு ஹர்கத்தும் இல்லை

எனக்கு மராத்தி வாசிக்கத் தெரியும் என்று யாரும் எனக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில் ரயில் நிலையப் பலகைகளைப் பார்த்துத்தான் இந்தி எழுத்தைக் கற்றுக்கொண்டேன். சயான், மாட்டுங்கா, குர்லா என்று எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எந்தப் பலகையையும் தடங்கல் இல்லாமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். மராத்திக்கும் அதே எழுத்துதானே. எழுத்து தெரிந்தால் மொழி தெரிந்த மாதிரிதான் என்று ஒரு திமிர். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை என்னைப் "பெரிய படிப்பாளி" என்று கேலி செய்வார். அதை நான் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

பகலில் எனக்கு மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் வேலை. கதவு திறப்பது, டோக்கன் கொடுப்பது, பயந்த பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் சாலுக்கு எதிரே இருக்கும் முனிசிபாலிட்டி மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் ஆடினேன், நன்றாகவே ஆடினேன், கல்யாணம் பேசினார்கள், ஆட்டம் நின்றுபோனது. அதை நீட்டி முழக்கி அழ எனக்குப் பிடிக்காது.

சால் என்றால் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் கட்டிடம். வீடுகளுக்கு முன்னால் நீளமாக ஒரு காலரி ஓடும். எங்களுடையது இரண்டு மாடி. கீழே ஒரு டெம்போ மட்டும் போகக்கூடிய ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மைதானத்தின் கம்பிவேலி. காலரியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாகா கட்டிங் செய்வார்கள். ஏற்றுமதிக்குப் போகும் சட்டை, பாவாடைகளில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கும் வேலை. பத்துப் பிசிறு நறுக்கினால் ஒரு தடவை தலை நிமிரும். நிமிர்ந்தால் மைதானம் தெரியும்.

அந்த நிமிர்வை நம்பித்தான் என் டீமே இருந்தது. மைதானத்தில் நல்ல இடம் மறுகோடியில்தான் உண்டு, நிழலும் மரமும் அங்கேதான். ஆனால் அதைக் கிரிக்கெட் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் வேலியோரம், சாலுக்கு நேர் எதிரே, கல்லும் குழியுமான மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். எல்லோரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். அந்த இடத்தை நான் எடுத்ததற்குக் காரணம் இரண்டாவது மாடிக்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் மகளை முதல் நாள் கூட்டிக்கொண்டு வந்து விட்டபோது அவள் சொன்னாள்:

"யக்கா, எங் கண்ணுக்குத் தெரியுத வரைக்கும் ஆடட்டும். தெரியலன்னா அன்னைக்கே ஏறி வந்திரணும். அவ அப்பாகிட்ட நான் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

மற்ற அம்மாக்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தி வாயால் சொன்ன சட்டத்தை எல்லோரும் எழுதிவைத்த மாதிரி கடைப்பிடித்தார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பார்க்கட்டும். பார்க்கிறார்கள் என்றால் விடுகிறார்கள். நானும் பிள்ளைகளை அதட்டும்போது காலரிக்குக் கேட்கிற மாதிரியே அதட்டுவேன்.

இரண்டாவது மாடிக்காரியின் மகளை நான் இடது கார்னரில் நிறுத்தினேன். கபடியில் அது பொறுமைசாலி நிற்கும் இடம். பாடி வருகிறவள் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து, குனிந்து, கணுக்காலைப் பிடிக்க வேண்டும். அவள் பிடித்தால் பிடித்ததுதான். பதினாறு வயசில், ஒல்லி உடம்பில், அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு பிடி விழுந்ததும் எழுந்து, மண்ணைத் தட்டாமல், முதலில் மேலே காலரியைப் பார்ப்பாள். அங்கே கத்தரி பிடித்த கை ஒரு தடவை உயரும். அப்புறம்தான் பாவாடையில்... இல்லை, டிராக் பேண்டில் ஒட்டின மண்ணைத் தட்டுவாள். பழைய வார்த்தை வந்துவிட்டது, மன்னிக்கணும்.

அந்த வருஷம் அவளைச் செம்பூரில் நடக்கப்போகும் ஜூனியர் செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே எடுத்தால் விளையாட்டு ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் சாப்பாடு, படிப்பு, பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. எங்கள் சாலில் எந்தப் பெண்ணும் அப்படி வெளியே போனதில்லை. கல்யாணம்தான் ஒரே வழி, நானும் அந்த வழியில் வந்தவள்தான். இவள் வேறு வழியில் போவாள் என்று நான் நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அதைவிட வேறு ஆசையே அப்போது இல்லை.

செலக்‌ஷனுக்கு மூன்று மாசம் இருக்கும்போது மைதானத்துக் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வேலியில் விளம்பர போர்டு வைக்க ஒரு ஏஜென்சி அனுமதி கேட்டிருக்கிறது என்பது அதில் எனக்குப் புரிந்தது. டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சுதான். பொது மைதானத்தில் கம்பெனிக்காரனுக்கு என்ன வேலை, நாளைக்கு மைதானத்தையே அவன் பேரில் எழுதிவிடுவான் என்றார்கள் காலையில் நடக்க வருகிற பெரியவர்கள். விளம்பரம் வந்தால் லைட் வரும் என்றார்கள் கிரிக்கெட் பையன்கள். நான் பையன்கள் கட்சி. என் பிள்ளைகளின் முழங்காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறு வருஷமாகக் கல்லில் தேய்ந்து, காய்ந்து, மறுபடி தேய்ந்த முழங்கால்கள். ஒண்ணுக்குப் போக ஒரு மறைவு கிடையாது. ஏஜென்சி ஆள் மேட் போட்டுத் தருகிறேன் என்றான், லைட், தண்ணீர்த் தொட்டி, பெண்களுக்கு டாய்லெட் என்றான். போர்டு என்றதும் என் மனசில் வந்தது செம்பூர் டோர்னமென்ட்டில் பார்த்தது. இடுப்பு உயரத்துக்குக் கோர்ட்டைச் சுற்றி நீளநீளமாகக் கட்டின துணி பேனர்கள். அதனால் யாருக்கு என்ன கெடுதல்?

நல்ல மரியாதையான பையன் அவன். என்னை மௌசி, மௌசி என்று சித்தி முறை வைத்துத்தான் கூப்பிட்டான். ஒரு ஃபாரத்தைக் கொடுத்து, மைதானத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றான். என்ன ஃபாரம் என்று கேட்டேன். "ஹர்கத் நாஹீ கா ஃபார்ம் ஹை, மௌசி" என்றான், வெறும் 'ஹர்கத் இல்லை' ஃபாரம்தானாம்.

தாளை வாங்கி எழுத்துக் கூட்டினேன். மேலே கொட்டை எழுத்தில் அதுதான் இருந்தது, ஹர்கத் நாஹீ. எனக்குப் புரிந்துவிட்டது. ஹர்கத் என்றால் இந்தியில் சேட்டை, வம்புத்தனம். பையன்கள் கல் எறிந்தால் "க்யா ஹர்கத் ஹை யே" என்று கத்துவோமே, அது. போன மாசம்தான் கிரிக்கெட் பையன்கள் தண்ணீர்க் குழாயை உடைத்து வாட்ச்மேனை அடிக்கப் போயிருந்தார்கள். ஆக, புதுச் சாமான் எல்லாம் வருவதற்கு முன்னால் மைதானத்தில் ஒரு சேட்டையும் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்குகிறார்கள். நியாயம்தான் என்று நினைத்தேன்.

அன்றைக்கே காலரியில் வீடு வீடாக ஏறினேன். "நம்ம பிள்ளைய மைதானத்துல ஒரு ஹர்கத்தும் பண்ணாதுன்னு எழுதிக் கேக்காவ. போடுங்க கையெழுத்த" என்றேன். கத்தரியைக் கீழே வைத்து, விரலில் ஒட்டின நூலை உதறி, ஒவ்வொருத்தியும் போட்டாள். சிலர் தமிழில், சிலர் கைநாட்டு. "எங்க பிள்ளைய என்னைக்குக்கா ஹர்கத் பண்ணிச்சு?" என்று பெருமையாகக் கேட்டபடியே போட்டாள் இரண்டாவது மாடிக்காரி.

பக்கத்தில் அவள் மகள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள். அவள் படிப்பது இங்கிலீஷ் மீடியம், ஆனால் ஸ்கூலில் மராத்தி கட்டாயப் பாடம். தமிழ்தான் அவளுக்கு வாசிக்க வராது.

"யக்கா, இது வேற மாரி இருக்கு. எங்க மராத்தி டீச்சர் ஹர்கத்னா…"

"ஏளா, நீ எனக்குப் படிச்சுக் குடுக்கியா? நீ பொறக்கதுக்கு முந்தியே நான் இந்த எழுத்தப் படிச்சவ. போ, கீழ போய் ரெண்டு ரவுண்டு ஓடு."

அவள் போய்விட்டாள். இரண்டு ரவுண்டுக்கு மூன்று ரவுண்டாக ஓடினாள், நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து. அந்தப் பிள்ளை ஒரு வாக்கியத்தை முடித்திருந்தால் போதும். முடிக்க விடவில்லை நான்.

ஒரு மாசம் கழித்து, நான் கிளினிக்கில் இருந்தபோது போர்டு ஏறியது. திரும்பி வரும்போது ரோட்டில் வெல்டிங் வாடை. காலரியில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்தியும் உட்காரவில்லை. வேலிக்கு உள்ளே இரும்புத் தூண்கள் நட்டு, அதன்மேல் தகரம் அடித்து, எங்கள் இரண்டாவது மாடிக் கூரை உயரத்துக்கு ஒன்றையொன்று ஒட்டி நான்கு போர்டுகள் நின்றன. ஒரு சந்து இடைவெளி கிடையாது. முகம் ரோட்டைப் பார்த்து, முதுகு மைதானத்தைப் பார்த்து. எங்கள் காலரிக்கு நேர் எதிரே இருந்தது ஏதோ சத்து பானத்தின் விளம்பரம். அதில் ஜெர்சி போட்ட ஒரு பெண்பிள்ளை துள்ளி ஓடுகிறாள், பல் எல்லாம் முத்துப் போல. கீழே இந்தியில் ஒரு வரி. இந்தி எனக்கு நிஜமாகவே தெரியும். "ஓடு மகளே, உலகம் பார்க்கட்டும்."

மேலேயிருந்து இரண்டாவது மாடிக்காரி கேட்டாள், "யக்கா, எங்க இருக்கா எம் பிள்ள?"

நான் போர்டுக்குப் பின்னால் ஓடிப் பார்த்தேன். கோர்ட்டில்தான் நின்றாள், மண்ணைத் தட்டாமல், தகரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் கிளினிக்குக்கு அரை நாள் லீவு சொல்லி வார்டு ஆபீஸுக்குப் போனேன். மூன்று மேசைக்கு அலைந்து கடைசியில் ஒரு ஆபீசரைப் பிடித்தேன். வயசானவர், எரிந்து விழாதவர். போர்டை இறக்க வேண்டும் என்றேன். ஃபைலை எடுத்து ஒரு தாளைக் காட்டினார். எங்கள் தாள். கைநாட்டுகள், தமிழ்க் கையெழுத்துகள், எல்லாவற்றுக்கும் கீழே இந்தி எழுத்தில் கோணலாக என் பேர்.

எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. "ஆமாம் சாப், இது நாங்கள் கொடுத்ததுதான். ஒரு ஹர்கத்தும் செய்ய மாட்டோம் என்று கொடுத்தோம், செய்யவும் இல்லை. விசாரித்துப் பாருங்கள். பிறகு எதற்கு எங்களுக்கு இந்தத் தண்டனை?" என்று இந்தியில் கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, மராத்தியில் ஹர்கத் என்றால் சேட்டை இல்லை. ஆட்சேபம். போர்டு வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மைதானத்தில் வேறு யாருமே இவ்வளவு கையெழுத்துக் கொடுக்கவில்லை. உங்கள் தாளை வைத்துத்தான் அனுமதியே போனது."

படியிறங்கி ரோட்டுக்கு வந்தேன். ஏஜென்சிப் பையனைத் தேடிப்போய் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் என்ன பொய் சொன்னான்? என்ன ஃபாரம் என்று கேட்டேன், அதன் பேரைச் சரியாகத்தான் சொன்னான். யாரையாவது திட்ட முடிந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

டாக்டரம்மாவிடம் அந்தத் தாளின் போட்டோவைக் காட்டினேன். மாட்டுங்காவில் மூணு தலைமுறையாக இருக்கிற குடும்பம், மராத்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அடடா, நீயே சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டு இப்போ போய்க் கேட்டா அவா என்ன பண்ணுவா?" என்றார். "எங்க பக்கத்து கிரவுண்ட் எல்லாத்துலயும் போர்டு இருக்கே. கார்ப்பரேஷன் கிட்ட எல்லா கிரவுண்டுக்கும் செலவழிக்கக் காசு ஏது? அவனும் ஏதோ கொடுக்கறான், நமக்கும் லைட் எரியறது. உனக்கு மேட் கிடைச்சுதோல்லியோ?"

"கெடச்சிருக்கு மேடம்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதை நான் சொல்லிப் பார்த்தேன். கத்தரி, காலரி, நிமிர்ந்து பார்ப்பது. சொல்லச் சொல்ல எனக்கே அது சின்ன விஷயமாக ஒலித்தது. அவர் பக்கத்துப் பூங்காவில் பிள்ளைகளை யாரும் மேலேயிருந்து பார்ப்பதில்லை, கார் டிரைவர் கூடவே நிற்பார். ஆனாலும் நல்ல மனுஷி, சம்மதத்தை வாபஸ் வாங்குவதாக இங்கிலீஷில் ஒரு கடிதம் டைப் செய்து கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருஷ அனுமதி, நடுவில் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

அந்த இரண்டு மாசம் நான் செய்யாத கூத்து இல்லை. முதலில் அம்மாக்களைக் கீழே வந்து உட்காரச் சொன்னேன். வந்தார்கள், மூட்டையோடு. மூன்றாவது நாள் புழுதி பட்டு வெள்ளைச் சட்டை ஒரு கட்டு முழுக்கச் செம்மண் கலராகிவிட்டது. சட்டை கொடுக்கிற சேட் கத்தின கத்தில் மறுநாள் ஒருத்தியும் இறங்கவில்லை. கோர்ட்டை மறுகோடிக்கு மாற்றக் கேட்டேன். போல்ட் போட்டு இறுக்கின மேட், நகர்த்த முடியாது என்றார்கள். போனில் வீடியோ கால் போட்டு வேலியில் சாய்த்து வைத்தேன். பாதி வீட்டில் போன் புருஷன் கையில் இருந்தது. மீதிப் பேருக்கு இரண்டு கையிலும் வேலை. கடைசியில் பிள்ளைகளைச் சத்தமாகப் பாடச் சொன்னேன். "மூச்சு விடாமப் பாடுங்கட்டி, காலரிக்குக் கேக்கணும்." பாவம், தொண்டை கிழியப் பாடினார்கள். நான் ரோட்டுக்கு ஓடி வந்து மேலே பார்த்துக் கத்துவேன், "கேக்குதா? உம் பிள்ள சத்தம்தான், கேக்குதா?" தலைகள் ஆடும். ஒரு வாரம் ஆடின. ஆனால் சத்தம் கேட்டால் பிள்ளை தெரிந்த மாதிரி ஆகுமா? எனக்கே தெரியும், ஆகாது.

மேட் நீலக் கலரில் பளபளவென்று கிடந்தது. முழங்கால் தேயவில்லை. லைட் எரிந்தது. டாய்லெட்டும் வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆட ஆள்தான் குறைந்துகொண்டே வந்தது. பதினான்கு பேர் பதினொன்றாகி, எட்டானார்கள். கபடிக்கு ஏழு பேர் வேண்டும். ஏழாக இருந்த நான்கு நாளும் நான் கிளினிக்கில் டோக்கனைத் தப்புத் தப்பாகக் கொடுத்தேன்.

போர்டு மறைவு கொடுத்ததும் யார் யாரோ வர ஆரம்பித்தார்கள். தூணுக்குத் தூண் சாய்ந்து நிற்பான்கள். முன்பெல்லாம் ஒருத்தன் நின்றால் காலரியிலிருந்து பத்துக் குரல் கேட்கும், "ஏ, யாருடா அங்க?" இப்போது கேட்க ஆளில்லை. நான் ஒருத்தி எத்தனை பேரை விரட்ட? ஒருநாள் ஒருவன் போனில் எங்கள் பிள்ளைகள் குனிவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். செருப்பு போர்டின் முதுகில் பட்டு, தகரம் சாலுக்கே கேட்கிற மாதிரி அதிர்ந்தது. சாலுக்குக் கேட்டதுதான் வினை. என்ன நடந்தது என்று எல்லோரும் விசாரித்தார்கள், நான் மறைக்கவில்லை.

அடுத்த நாள் ஐந்தரைக்கு நான் மட்டும் மேட்டில் நின்றேன்.

செலக்‌ஷன் காலையில் செம்பூரில். அதற்கு முந்தின நாள் இரண்டாவது மாடிக்கு ஏறினேன். இடது கார்னர் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கத்தரியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"ஒரே ஒரு நாளு. நானே கூட்டிட்டுப் போய் நானே கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

"ரெண்டு மாசமா அவ என்ன ஆடுதான்னு எனக்குத் தெரியாது. எவன் பாக்கான்னு தெரியாது. நாளைக்குச் செம்பூரு, அதுக்கப்புறம் ஹாஸ்டலு. அங்க எனக்கு என்ன தெரியும்?"

"ஹாஸ்டல்னு முதல்லயே சொன்னம்லா. அப்ப சரின்னிய?"

"அப்ப எனக்குத் தெரிஞ்சுது யக்கா. ஆறு வருசம் பாத்தேன். எம் புள்ள எப்பிடி நிக்கா, எப்பிடிப் பிடிக்கா, எல்லாம் தெரிஞ்சுது. நான் வேண்டாம்னு சொல்லல. எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

தெரியல என்ற ஒரு வார்த்தையில் கண்ணுக்குத் தெரியாததும் மனசுக்குப் பிடிபடாததும் இரண்டும் இருந்தது. என்னைவிடப் பத்து வயசு இளையவள் காலில் விழுந்தேன். கூச்சம் இல்லை, யோசிக்கவும் இல்லை. நூல் பிசிறு நிறைந்த தரையில் நெற்றி பட விழுந்தேன்.

"யக்கா, என்ன செய்யுதிய, எந்திரிங்க!" என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். பதறிப்போய் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் அழுதும் ஒன்றும் மாறவில்லை. அவள் புருஷனிடம் சொன்ன வார்த்தை ஒன்று இருக்கிறதே, அதை அவளும் தாண்ட முடியாது. நான் எழுந்து பார்த்தபோது இடது கார்னர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என் முடியில் ஒட்டின நூலை வீட்டுக்கு வந்துதான் எடுத்தேன்.

செம்பூருக்கு நான் மட்டும் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவைக்கு நான் கையைத் தூக்கிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இறக்கிக்கொண்டேன்.

வருஷம் ஓடியது. மேட்டில் இப்போது பையன்கள் ஆடுகிறார்கள், நன்றாகத்தான் ஆடுகிறார்கள். போன மாசம் கேட்டில் மறுபடி நோட்டீஸ் ஒட்டினார்கள். அனுமதியை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டப் போகிறார்கள், யாருக்காவது ஹர்கத் இருந்தால் பதினைந்து நாளில் எழுதிக் கொடுக்கலாம். இந்தத் தடவை டாக்டரம்மாவை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டேன்.

தாளோடு காலரியில் ஏறினேன். வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். யாரும் கோபப்படவில்லை, யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே தாங்க முடியவில்லை. இரண்டாவது மாடிக்காரி தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

"எங்க பிள்ளையதான் இப்ப ஆடலியே யக்கா. லைட்டு வேற நல்லா வெளிச்சமா இருக்கு, நூலு தெரியுது. எங்களுக்கு என்ன ஹர்கத்?"

அந்த வார்த்தையை இந்தத் தடவை எல்லோரும் சரியான அர்த்தத்தில் சொன்னார்கள்.

இடது கார்னர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாகா கட்டிங் செய்துகொண்டிருந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டாள், பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கேள்வி. வருஷம் பூராவும் என்னிடம் பேசாதவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"குடுங்க. ஒங்களுக்கு மராத்தி எழுத வராதுல்லா."

எழுத வராது என்றாள், படிக்க வராது என்று சொல்லவில்லை. முழங்காலில் தாளை வைத்து, அழகான கையெழுத்தில், என் பேரையும் விலாசத்தையும் எழுதினாள். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

"ஒனக்குத் தோணுதத எழுது மக்களே" என்றேன். இந்தத் தடவையாவது அவள் ஒரு வாக்கியத்தை முடிக்கட்டும்.

ஒரே ஒரு வரி எழுதினாள். தாளை இரண்டாக மடித்துக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. மராத்தி வாசிப்பதை நான் விட்டுவிட்டேன்.

வார்டு ஆபீஸில் அந்தப் பழைய ஆபீசர் இல்லை, ரிடையர் ஆகிவிட்டாராம். அவர் மேசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். தாளை வாங்கி, பேர், விலாசம், மைதானம் என்று ஒவ்வொரு கட்டமாக முணுமுணுத்தபடி வந்தவள் காரணத்தில் நின்றாள். இரண்டு தடவை வாசித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து இந்தியில் கேட்டாள்.

"'என் அம்மாவுக்கு நான் தெரிவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்குக் கண் தெரியாதா? கண் பார்வை சம்பந்தமானது என்றால் இங்கே இல்லை, மேலே இரண்டாவது மாடி."

என் அம்மா செத்துப் பதினெட்டு வருஷமாகிறது. எழுதினது வேறு பிள்ளை என்று சொன்னால் தாள் செல்லாது, அவளுக்குப் பதினெட்டு முடிய இன்னும் மூன்று மாசம் இருக்கிறது.

"இல்லை, இங்கேதான். என் அம்மாதான்" என்றேன்.

தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை குத்தினாள். குத்தின தாளை வைக்க ஃபைலைத் திறந்தாள். மொத்தம் எத்தனை ஹர்கத் வந்திருக்கிறது என்று கேட்டேன். அவள் புரட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

ஒரு விரலைக் காட்டி, "ஏக்" என்றாள்.